பாடும் பனிவண்டியும்: கானக நூல்களின் மறுபதிப்பைப் பற்றி

1903-ஆம் ஆண்டில் ஜாக் லண்டன் வெளியிட்ட நாவலை, பொன் தேடிப் பனிநாட்டுக்குப் போனவர்களின் வண்டியை இழுக்க நேர்ந்த பக் என்னும் நாயின் சரித்திரத்தை, தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராய் விளங்கிய பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கினார். லண்டன் 1916-லேயே காலமானதால் மூலத்துக்கு உரிமை கோருவாரில்லை. தூரனின் நூல்களோ நாட்டுடைமையாகிவிட்டன. ஆகையால் எவரும் அச்சிடலாம் என்ற இந்தச் சௌகரியம், பதிப்பாளரின் பொறுப்பை ஒருபோதும் குறைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகை நூல்கள் தமிழில் வேறும் உண்டு. ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட வேட்டை அனுபவங்கள் தி. ஜ. ர.வின் கையால் 'குமாயுன் புலிகள்' ஆயின. காட்டைவிட்டுக் கடலுக்கு வந்தால், தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் இன்றும் வாசிக்கப்படுகிறது. இத்தகைய நூல்களை மறுபடி அச்சேற்றும்போது கையாளத்தக்க முறைகள் மூன்று. பழைய பிரதியை எழுத்து மாறாமல் அப்படியே எடுப்பது ஒன்று; ஆனால் 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளியில் படித்த சிறுவன், பழைய 'னை'யையும் 'றா'வையும் கண்டு தயங்குவான். கொடுமைகளையும் வர்ணனைகளையும் வெட்டிச் சிறுவர் சுருக்கமாக்குவது இன்னொன்று. அதில் கதை மிஞ்சும், காடு மிஞ்சாது. எழுத்தை மட்டும் புதுக்கி, வாசகத்தைத் தொடாமல், வேண்டிய இடத்தில் மாத்திரம் குறிப்பு எழுதுவது மூன்றாவது. உத்தமமானதும் கஷ்டமானதும் அதுவே. ஏனெனில் எந்த இடத்தில் குறிப்பு வேண்டும் என்பதை நகரத்து மேஜையிலிருந்து நிர்ணயிக்க இயலாது.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டின் கரையில், டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டிய அந்த ஊரின் கோட்டைக்குப்பத்திலோ நடுவூர் மாதாகுப்பத்திலோ, ஒரு மீனவர் 'கானகத்தின் குரல்' நாவலை வாசிப்பதாகக் கொள்வோம். அங்கே 'பாடு' என்பது வெறும் துன்பமல்ல. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று தலைக்கட்டுகளுக்குள் முறை வகுத்துக்கொள்ளும் பரம்பரை ஏற்பாடு. முறை வந்தவரின் இடத்தில் பிறர் கை வைக்கமாட்டார்.

இதை மனத்திற்கொண்டு டேவ் என்னும் நாயின் மரணத்தைப் பாருங்கள். வண்டிக்கு மிக அருகில் இழுப்பது அதன் ஸ்தானம். நோயுற்ற அதனை அவிழ்த்துவிட்டு, சோலெக்ஸ் என்னும் நாயை அவ்விடத்தில் பூட்டுகிறார்கள். டேவோ பனியில் விழுந்தெழுந்து கூடவே ஓடி, வண்டி நின்றபோது சோலெக்ஸின் வார்களைக் கடித்தறுத்துவிட்டு, தன் பழைய இடத்தில் போய் நிற்கிறது. உத்தியோகஸ்தர் ஒருவர் இதை மிருகத்தின் பிடிவாதம் என்று படித்துப் போகலாம். பாட்டு முறையில் வளர்ந்தவருக்கு இங்கே அடிக்குறிப்பு அநாவசியம். அவருக்கு விளக்க வேண்டியது வேறு: வசந்தகாலத்தில் ஆற்றின் மேற்பனி அடியில் கரைந்து மெலிவதும், எச்சரிக்கையை மீறிப் பாரம் மிகுந்த வண்டியுடன் அதன்மேல் போனவர்கள் மூழ்குவதும் எப்படி என்பது. அதையும் ஒருமுறை சொன்னால் போதும். முகத்துவாரம் மணலால் தூர்வதையும் காற்று திரும்புவதையும் கணித்துத் தோணி எடுப்பவருக்கு, எச்சரிக்கையைக் கேளாத அந்நியரின் கதி புதிதல்ல.

ஆதலால் மறுபதிப்புச் செய்ய முனைவோருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை எடுத்துக்கொண்டு இத்தகைய குப்பமொன்றின் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். கேட்பவர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். அவர் தலையசைத்துவிட்டு, தம் ஏரியில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கும் இடத்தில், தூரனின் தமிழை அப்படியே விட்டுவிடுங்கள்.