ஆளில்லாத படங்கள்

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியவர் இல்லத்திற்குச் சென்றால், காப்பிக்கு முன்னே ஆல்பம் நம் கைக்கு வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. இன்று அதன் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. கருவி மாறினும் காட்சிகள் மாறவில்லை. கொடைக்கானல் பனிமூட்டம், கன்னியாகுமரிக் கதிரவன் உதயம், செஞ்சிக் கோட்டை மதில், தரங்கம்பாடியின் டேனியக் கோட்டை என அதே வரிசைதான். இயற்கையையும் பயணக் காட்சிகளையும் வரலாற்றுச் சின்னங்களையும் படமெடுப்பது நல்லதொரு பொழுதுபோக்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளவும், ஓரிடத்தில் சற்று நின்று நிதானிக்கவும் அது பழக்குகிறது.

ஆயினும், ஏனைய கலைகளுக்கு உரிய திறனாய்வு இக்கலைக்கும் வேண்டுமன்றோ? சிறுகதை எழுதுபவரிடம் கேள்வி எழுப்புகிறோம். கவிதை படைப்பவரிடம் பொருள் கேட்கிறோம். படமெடுத்தவரை மட்டும் ‘அழகாக இருக்கிறது’ என்ற ஒரே சொல்லோடு அனுப்பிவிடுகிறோம். அந்தச் சொல் போதாது என்பதை நமக்கு உணர்த்தியது பிறர் படைப்பன்று. நமது சொந்த ஆல்பமே.

1990களின் தொடக்கத்தில் ஒருமுறை தனுஷ்கோடி சென்றிருந்தோம். அந்நாளில் அங்கே செல்ல நல்ல சாலை கிடையாது. மணலில் அழுந்தி அழுந்திச் செல்லும் வேனில் இடுப்பெலும்பு நோவப் போய்ச் சேர வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் அவ்வூர் அழிந்த கதையை அறியாதார் இலர். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அதில் இருந்தோருடன் கடலுக்கு இரையானது. இலங்கைக்குக் கப்பலேறும் துறைமுகமாய், ரயில் நிலையமும் அஞ்சலகமும் பள்ளியும் தேவாலயமுமாய் விளங்கிய ஊர் ஓரிரவில் மண்மேடாயிற்று. பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய அத்தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்பதை நாம் கண்டபோது மாலை நான்கு மணி இருக்கும். சாய்ந்த வெயில் அரித்த கற்களின் ஒவ்வொரு துளையையும் எடுத்துக்காட்டிற்று. படச்சுருளில் மீதமிருந்தவை ஏழு படங்கள். சுவரின் நிழலில் கிளிஞ்சல் மாலைகளைப் பரப்பியிருந்த ஓர் அம்மையார் காட்சிக்கு இடையூறாய்த் தோன்றினார். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்’ என்றோம். அவர் முகம் சுளிக்கவில்லை. மாலைகளை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தப் பீடத்துக்கு முன்னாலதான்யா கல்யாணம் நடந்துச்சு. நான் ஓரமா நிக்கிறேன். நீங்க புடிச்சுக்கோங்க.”

நாம் படமெடுத்தோம். ஏழும் நன்றாகவே வந்தன. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், அந்த ஏழு படங்களிலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பது நம் கண்ணிற்பட்டது. அந்தச் சுவரைப் பற்றி ஏதேனும் அறிந்தவர் அன்று அங்கு ஒருவரே இருந்தார். அவரைத்தான் நாம் தள்ளி நிற்கச் சொன்னோம்.

இவ்வாறு ஆளற்ற காட்சியை விரும்பும் மனம் நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழகத்தின் பழம்பெரும் சின்னங்களை முதன்முதலாக முறையாகப் படமெடுத்தோருள் ஒருவர் லினியஸ் டிரைப். 1822இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாய்ப் பணியாற்றியவர். படமெடுத்தல் முதலில் அவருக்கும் பொழுதுபோக்காகவே இருந்தது. 1854இல் பேலூர், ஹளேபீடு கோயில்களைத் தம் ஆர்வத்தால் படமெடுத்தார். அப்படங்கள் 1855இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றன. பின்னர்ச் சென்னை மாகாண அரசு அவரைத் தன் படக்கலைஞராக அமர்த்தியது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிப் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றினார். அப்படங்கள் 1858இல் தொகுதிகளாய் வெளிவந்தன.

அப்படங்களைப் பார்ப்போர் முதலில் உணர்வது அவற்றின் அமைதி. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் பழுதுபார்க்கப்படுமுன் இருந்த சிதைந்த கோலத்தில் நிற்கின்றன. வைகையின் குறுக்கே தரைப்பாலம் நீண்டு கிடக்கிறது. திருவிழாவும் சந்தையும் ஓயாத ஊர்களில் எடுத்த படங்களில் பெரும்பாலும் மக்களைக் காணோம்! காரணம் எளியது. மெழுகூட்டிய தாளில் நெகடிவ் எடுத்த காலம் அது. ஒளி பதிய நொடிகள் பல, சில வேளை நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் நடந்து கடந்தவர் படத்தில் பதிவதில்லை. பதிந்தாலும் புகைபோல் மங்கித் தேய்வார். நின்ற கல் மட்டும் நிலைத்தது. அந்த வெறுமை பெரிதும் அவர் கருவியின் குறை. நொடியில் நூற்றிலொரு பங்கில் படமெடுக்கும் கருவி நம் கையில் இருந்தது. நாமோ வேண்டுமென்றே ஆளை அகற்றினோம். அவருக்கு இருந்த சாக்கு நமக்கு இல்லை.

டிரைப் குற்றமற்றவர் என்பது நம் கருத்தன்று. வெறித்த வானத்தை நிரப்ப நெகடிவில் மேகங்களைத் தீட்டியவர் அவர். ஆட்சி செய்வோர் தம் உடைமையை எண்ணிப் பார்க்கும் பார்வை அவர் பணியின் பின்னே இருந்தது என்பதும் மெய். எனினும் ஒன்றை மறுக்கவியலாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் வியத்தகு வெளிச்சமோ கவர்ச்சியான கோணமோ கிடையாது. உள்ளதெல்லாம் எழுத்து வரிசைகளே. அக்கல்வெட்டுகளைப் படித்து உல்ட்சு என்னும் அறிஞர் அச்சில் கொணரத் தொடங்கியது 1890களில். இராசராசன் கோயிலுக்கு அளித்த கொடைகளும், விளக்கெரிக்க ஆடு மாடு பெற்றுக்கொண்ட இடையர்களும், ஊர் ஊராய் அழைத்துவரப்பட்ட ஆடல் மகளிரும் பெயர் பெயராய் அவ்வெழுத்துகளில் வாழ்கின்றனர். ஆளில்லாத அப்படம் உண்மையில் ஆளில்லாத படமன்று. தாம் படிக்கவியலாத எழுத்தையும் விடாது பதிந்த அவர் பொறுமையை நாம் போற்றுகிறோம்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. அத்தொகுதிகளில் படங்கள் வாய்மூடி நிற்கவில்லை. விளக்கக் குறிப்புகளும் உடன் வந்தன. தஞ்சைத் தொகுதிக்குக் குறிப்பெழுதியவர் பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப். படம் பாதி, சொல் பாதி என்பது அன்றைய வழக்கு. இப்பணி நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரவெலியன் இதனை வீண்செலவெனக் கருதி நிறுத்திவிட்டார்.

இயற்கைக் காட்சிக்கு வருவோம். இத்துறையில் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்சின் பெயரைத் தவிர்க்கவியலாது. 1916இல், பதினான்கு வயதில், பெற்றோருடன் யோசமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது கையில் கிடைத்த சிறு கோடாக் கேமராவே அவர் வாழ்வைத் திருப்பியது. 1927இல் ‘ஆஃப் டோம்’ என்னும் பெரும்பாறையின் முன் நின்றபோது அவரிடம் எஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் வடிகட்டியுடன் ஒன்றை எடுத்தார். தம் உள்ளத்தில் எழுந்த பேருருவம் அதில் வராது என உணர்ந்து, கடைசித் தகட்டைச் சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தார். வானம் கறுத்துப் பாறை ஓங்கி நின்றது. கண் கண்டதைவிட நெஞ்சு கண்டதைப் பதிந்த படம் என அதனை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாட்டம் தகும்.

ஆனால் மனிதர் கால்படாத தூய நிலமென அப்படங்கள் காட்டும் யோசமிட்டி, அவானீச்சி மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு. 1851இல் படையினர் அவர்களை விரட்டினர். பின்பும் திரும்பிவந்து ஒரு மூலையில் வாழ்ந்தோரின் குடியிருப்பு 1969இல் அழிக்கப்பட்டது. அதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு படம். இரண்டாம் உலகப்போரின்போது, சப்பானிய வமிசத்தவர் என்னும் ஒரே காரணத்தால் அமெரிக்கக் குடும்பங்களை அரசு முகாம்களில் அடைத்தது. அவற்றுள் ஒன்றான மன்சனாரில் 10,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆடம்சு 1943இல் அங்குச் சென்று அம்மக்களின் முகங்களை அண்மையில் நின்று படமெடுத்தார். 1944இல் அவற்றை நூலாக்கினார். போர் நடுவே அதற்குத் துணிவு வேண்டும். அதே முகாமிலிருந்து வில்லியம்சன் மலையையும் எடுத்தார். உருண்ட பாறைகள், கலைந்த மேகம், கீழிறங்கும் ஒளி. ஒப்பற்ற படம்! முள்வேலியோ காவற்கோபுரமோ அதில் இல்லை. 1955இல் ‘மனித குலம் ஒரு குடும்பம்’ எனப் பேசிய புகழ்பெற்ற கண்காட்சியில் இடம்பெற்றது அந்த மலையே. முகங்களைப் பதிந்த படங்கள் பெருமளவு அறியப்படாமற் கிடந்தன. ஒரே கலைஞன், ஒரே இடம். அவன் இரண்டையும் தந்தான். நாம் எதனைத் தெரிந்தெடுத்தோம் என்பதே கேள்வி.

‘அப்படியானால் மலையை மட்டும் எடுக்கலாகாதா? ஒவ்வொரு படத்திலும் ஒரு முகம் இருந்தே தீர வேண்டுமா?’ என வாசகர் வினவலாம். நியாயமான வினா. இல்லை என்பதே நம் விடை. விடியற்காலை ஏரியை எடுக்க முகம் எதற்கு? பறவையை எடுக்கக் காத்திருப்பவர் பக்கத்தில் பேச்சுக் குரலும் ஆகாதே! சட்டத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்ப்பது திறனாய்வன்று. அவர் இல்லாமற்போனது எவ்வாறு என்று கேட்பதே திறனாய்வு. தஞ்சைக் கல்வெட்டுப் படத்தில் முகமில்லை, மனிதர் உண்டு. நமது தேவாலயப் படங்களில் மனிதர் இருந்தார், நாமே அகற்றினோம். இடிபாட்டின் அழகை நாடும் கண், அது யாருடைய இடிபாடு என்று கேட்க மறந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு விருந்தாகிய அந்தச் சுவர், அந்த அம்மையாருக்கு இழந்துபோன வீட்டின் திண்ணை போன்றது.

அண்மையில் மீண்டும் தனுஷ்கோடி சென்றோம். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை உண்டு. பேருந்துகளும் கார்களும் வரிசையாய் நிற்கின்றன. தேவாலயச் சுவரின் முன் கைகளை விரித்தும், தலையைச் சாய்த்தும், எட்டிக் குதித்தும் படமெடுத்துக்கொள்வோர் பலர். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்குத் தகுதியில்லை. நாம் செய்ததைத்தான் அவர்கள் பெருக்கிச் செய்கின்றனர். கிளிஞ்சல் கடைகள் கூடியிருந்தன. நாம் தேடிய முகத்தைக் காணவில்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாதவர் எவ்வாறு விசாரிப்பது? ‘அந்தக் காலத்துல இங்க உக்காந்திருந்தவங்களா? எத்தனையோ பேருய்யா’ என்றார் ஒரு கடைக்காரர். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து பெண்கள் குடத்தில் நல்ல நீர் முகந்துகொண்டிருந்தனர். வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்ட நிலத்தில் மீனவர் இன்னமும் வாழ்கின்றனர். இம்முறை நாம் கேமராவைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, முதலில் பேசினோம்.

வீடு திரும்பியதும் பழைய ஆல்பத்தை எடுத்து, அந்த ஏழு படங்களையும் பிரித்து, ஒன்றன் பின்புறத்தில் அந்த அம்மையார் சொன்ன சொற்களை எழுதி வைத்தோம். காலங்கடந்த குறிப்புத்தான். ஆயினும், அதற்குப்பின் அப்படத்தைப் பார்ப்போர் ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லி அடுத்த ஏட்டைத் திருப்புவதில்லை, ‘யார் சொன்னது?’ என்று கேட்கின்றனர். இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ள இளைஞர்க்கு நாம் கூறுவதும் இதுவே. செல்போனில் ஆயிரம் படங்கள் குவியட்டும். பத்துக்கேனும் இடம், நாள், அங்கே நின்றிருந்தவர் பெயர், அவர் சொன்ன ஒரு சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுமுன் அவர் ஏன் அங்கு நிற்கிறார் என்று கேளுங்கள்.

பெத்சாயிதாவில் ஆண்டவர் பார்வையளித்த மனிதரை நற்செய்தி நமக்கு நினைவூட்டுகிறது. முதல் தொடுதலுக்குப்பின் அவருக்கு மக்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தனர். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பார்வை நிறைவடையவில்லை. இரண்டாம் முறை தொடப்பட்ட பின்னரே மனிதர் மனிதராய்த் தெரிந்தனர். நல்ல லென்ஸ் நமக்கு முதல் பார்வையைத் தந்துவிடும். எஞ்சியதற்கு நாம் அந்தச் சுவரின் நிழலில் சற்று உட்கார வேண்டியிருக்கிறது.