கோயிலைக் காலி செய்தது யார்?

"கோயிலுக்கு ஆள் வர்றது குறைஞ்சுபோச்சு, விசுவாசத்துல துணிச்சல் இல்லை" என்கிற புலம்பல் தஞ்சைப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. காலியிடத்துக்கும் இங்கே சரித்திரம் உண்டு.

தஞ்சை மன்னர் படையில் இருந்த ராஜநாயக்கன் பறையர். பதினெட்டாம் நூற்றாண்டில் எதிர்ப்புக்கு அஞ்சாமல் ஊர் ஊராக வேதம் சொன்னவர். 1741இல் குருப்பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, தியோகுவுக்குப் போனது. பறையர் கையால் நற்கருணை வாங்க வெள்ளாளர் சம்மதிக்கமாட்டார்கள் என்பதுதான் தடை. உபதேசியாராகவே ராஜநாயக்கன் செத்தார். துணிச்சல் யாரிடம் இருந்தது?

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். சேரி ஜனங்களோடு சமமாக உட்காருவதைவிடக் கோயிலே வேண்டாம் என்றாகிவிட்டது.

இதற்கு இலக்கியச் சாட்சி வேதநாயக சாஸ்திரியார். தொழுவத்தில் பிறந்தவருக்கு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சபையில் சாதியைத் திருத்துவது பைத்தியம் என்று 1829இல் எழுதினார். எம்.ஏ. வகுப்பில் எனக்குக் குறவஞ்சியின் சந்தநயம் சொன்னார்கள், மற்றதைச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்காத விமர்சனம் வெறும் பஜனை.

போதகர்களே, ஆள் எண்ணுவதை நிறுத்துங்கள். வில்சனின் சுற்றறிக்கையை வருகிற ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். யார் எழுந்து போகிறார்கள், பார்ப்போம்.