தீவுக்குச் செல்லும் வகுப்பறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பேருந்துகளில் பிற தேசத்து மாணவர் கூட்டங்கள் வந்திறங்குவது எங்கள் கோவளத்துக்குப் பழகிப்போன காட்சி. முற்பகலில் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டின் திண்ணை, நண்பகலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாலையில் பல்லவர் சிற்பம், இவற்றுக்கிடையே கோவளத்து மணலில் ஒரு மணி நேரம் என்று வகுக்கப்பட்ட நிரலோடு வரும் அவர்களுக்கு நமது கரையே அயல்நாடு. நம்முடைய கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளிலோ சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றும், தீவு காணும் ஆவல் மிகுந்தவர்களுக்கு அந்தமான் என்றும் கட்டண விவரத்தோடு விளம்பரங்கள் தொங்குகின்றன. கல்விச் சுற்றுலாவைப் பற்றிப் போய்வந்தவர்கள் சொல்லியே கேட்டு வந்திருக்கிறோம். ஆதலால் அது பெரும்பாலும் புகழ்ச்சியாகவே இருக்கிறது. வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கரையிலிருந்து அதே வழக்கத்தைப் பரிசீலித்தால் மதிப்பீடு சற்று மாறுகிறது.

முதலில் அதன் குணத்தைச் சொல்லிவிடுவதே நியாயம். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவைத் தமிழ்நாட்டில் விலங்கியல் பயின்ற பழைய தலைமுறையினர் எளிதில் மறக்கமாட்டார்கள். அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் தனி நூலொன்றை வெளியிட்டது. மண்டபம் வரை ரயிலேறிச் சென்று, படகில் தீவை அடைந்து, இடுப்பளவு நீரில் நின்று வருவது பிற்காலத்தில் பட்டப்படிப்பின் ஒரு சடங்காகவே ஆயிற்று. முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் உள்ள உறவை விளக்கப் பாடநூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பாலனோகிளாசஸ் என்னும் மணற்புழு, கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் பழுப்பேறிய சீட்டுடன் வெளிறிக் கிடக்கும்போது ஃபார்மலின் நெடியைத் தவிர வேறொன்றையும் தருவதில்லை. தீவின் ஆழமற்ற நீரில், சுருள் சுருளாக அது வெளித்தள்ளிய மணலின் கீழே கையைவிட்டு, அறுந்துவிடாமல் மெல்ல எடுத்தவனுடைய விரல்களிலோ ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு இடும் அயடோஃபார்மின் வாசனை ஏறிக்கொள்ளும். இதை ஒரு வரியாகப் படித்தவனுக்கும் விரலில் முகர்ந்தவனுக்கும் இடையே உள்ள வேற்றுமைக்காகவே ஒரு வகுப்பை ரயிலேற்றலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குருசடையே மறுபக்கத்தையும் காட்டுகிறது. ஆளுக்கொரு மாதிரி என்று சேகரித்து வருவதே அக்காலத்துப் பிரயாணத்தின் பலனாகக் கருதப்பட்டது. நட்சத்திர மீனும் கடலட்டையும் பவளத் துண்டும் குடுவைகளில் வந்து சேர்ந்தன. எடுத்ததைக் குறித்த மாணவனின் பதிவேட்டில், எஞ்சியதைக் குறிக்க இடமே இருந்ததில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கடலட்டையும் பவளமும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தவர்கள் விளைத்த நாசத்தோடு ஒப்பிட்டால் மாணவர் குடுவைகள் செய்த சேதம் அற்பமே. எனினும் கல்வியின் பெயரால் நிகழ்ந்ததால் அதை நிறுத்தச் சட்டம் வரும்வரை ஒருவரும் குற்றமென்று கருதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி நெடுக எழுத அவசியமில்லை. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர் ஐம்பதுபேர் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும், 2022 நவம்பரில் வேறொரு குழுவினர் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அனுப்பப்பட்டனர். கடவுச்சீட்டு என்பதையே வீட்டில் முதன்முதலாகக் கண்ட பிள்ளைகள் விமானமேறியது சமூக நியாயத்தின்பாற்பட்ட காரியம். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. பரிசு என்ற அளவில் அது சிறந்த பரிசு. படிப்பு என்று அழைக்கும்போதுதான் தயக்கம் எழுகிறது. ஏனெனில் அந்தச் சில நாட்களில் பார்வையிட இயலுமே தவிரப் பயில இயலாது.

கோவளத்து மணலில் நடப்பதைக் கொண்டு இதைத் தெளிவாகக் காணலாம். அச்சிட்ட வினாத்தாளுடன் வரும் மாணவி, மொழிபெயர்க்கும் தோழனை அருகில் வைத்துக்கொண்டு, ஃபைபர் படகின் நிழலில் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம், மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கிறாள். அன்றைய மீன்பாட்டில் எண்ணெய்ச் செலவு போக, படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு கழித்து, மீதியை ஏறிப்போனவர்கள் பிரித்துக்கொள்ளும் தொழிலில் மாதம் என்னும் கணக்கே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தொழில் நின்றுவிடுமல்லவா என்பது அடுத்த வினா. நின்றுவிடுவது விசைப்படகுகளின் தொழில்; சிறு படகுகள் அப்போதும் கடலுக்குப் போகின்றன என்பதை அந்தத் தாளை வகுத்தவர் அறியார். வன்னி, தெண்டி என்று நீரோட்டங்களைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் ஒருவரிடம், கடலைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை. மீனவர் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்; அந்த எண் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் அட்டவணையாகிறது. அந்த ஆய்வறிக்கை தமிழில் ஒரு பக்கமாவது இந்தக் கரைக்குத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

தீவு தொலைவில் இருந்துவிட்டால் இந்தக் குறை இன்னும் பெருகுகிறது. தொலைவே காட்சிப் பொருளாகிவிடுகிறது. அந்தமான் செல்லும் குழுக்களின் நிரலில் பாராடாங் சுண்ணாம்புக் குகை இடம்பெறுவதுண்டு. அதற்குரிய தரைவழி ஜராவா மக்களின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. அம்மக்களைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதி 1956 முதலே அமலில் இருந்தும், ஜராவாப் பெண்களை உணவுக்காக ஆடச்செய்த காட்சி 2012-இல் உலகறிய வெளிவந்தது. வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து வெளியே உற்று நோக்கும் மாணவன் மானிடவியல் பயில்கிறான் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: பயணத்தின் காலத்தைத் தீர்மானிப்பது கல்லூரியின் விடுமுறை, பயில வேண்டிய பொருளின் பருவம் அன்று. இதற்கு நேர்மாறான உதாரணம் எங்கள் கரையோடு தொடர்புடையதே. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, அதை விட்டுவிட்டுப் பாம்புப் பண்ணையிலும் பின்னர் முதலைப் பண்ணையிலும் சேர்ந்து கடலாமைகளை ஆராய்ந்த சதீஷ் பாஸ்கர், 1982-இல் லட்சத்தீவுகளைச் சேர்ந்த ஆளில்லாத சுஹேலித் தீவில் தம்மைத் தனியே விட்டுச் செல்லச் செய்தார். பச்சையாமை அங்கே முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழையில். அந்தப் பருவத்தில் அத்தீவுக்குப் படகு போகாது. ஆகவே மழைக்கு முன்னே போய், மழை ஓய்ந்த பிறகே திரும்புவதென்று அவர் முடிவு செய்தார். சீசாவில் அடைத்து அவர் கடலில் விட்ட கடிதமொன்று இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அங்கிருந்து தபாலில் அவருடைய மனைவிக்கு வந்து சேர்ந்தது. கேட்போர் அனைவரும் வியப்பது இந்தச் சீசாவைத்தான். எனக்கோ வியப்பு, ஆமையின் நாட்காட்டிக்குத் தம் நாட்காட்டியைப் பணியவைத்த அந்தத் தீர்மானத்தில். பின்னர் இந்தோனேசியாவின் இரியான் ஜயாவுக்குச் சென்று ஏழுவரி ஆமைகளை அவர் ஆராய்ந்ததும் இந்த முறையிலேதான்.

ஒரு வகுப்பு முழுவதையும் அவரைப்போல ஐந்து மாதம் தீவில் விட்டுவர முடியாது என்பது உண்மை. முதலைப் பண்ணையின் முயற்சியால் தென் அந்தமான் வண்டூரில் உருவான சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1925-இல் பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் இனத்தவரின் சந்ததியார் அங்கே களப்பணியாளராக இருந்து, காட்டையும் கடலையும் ஆண்டு முழுவதும் அறிந்துவைத்திருக்கிறார்கள். சிறிய அந்தமானில் ஏழுவரி ஆமைகளை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக விடாமல் கண்காணித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவற்றுள் சில மேற்கு ஆஸ்திரேலியாவை நோக்கியும் சில மொசாம்பிக் பக்கமும் சென்றதை அறிந்தார்கள். இப்படி நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்குள் பத்து நாள் நுழையும் மாணவன், முன்னவன் விட்ட வரிக்கு அடுத்த வரியை எழுதுகிறான். அதனால் அவனுக்கும் பயன், வேலைக்கும் பயன். கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கும் ஆங்கிலம் பழகியவர்களுக்குமே இத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டுகிறது என்ற குறை மட்டும் நீங்கவில்லை.

அந்தக் குறையும் இல்லாத ஏற்பாடு சென்னையிலேயே இருக்கிறது. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர், பங்குனி ஆமை கரையேறும் பருவத்து இரவுகளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். விமானமில்லை, விடுதியில்லை, ஒரே கரையை ஆண்டுதோறும் நடந்ததால் சேர்ந்த பதிவுகள் இருக்கின்றன. தீவுக்குப் போய்வந்த எத்தனை வகுப்புகளால் இப்படி ஒரு பதிவைக் காட்ட முடியும்?

எனவே வழக்கத்தை ஒழிக்க வேண்டியதில்லை. போகும் உரிமையைச் சம்பாதித்துப் போகச் செய்ய வேண்டும். முட்டுக்காட்டில் உப்பங்கழி கடலோடு கலக்கும் வாய், வடகிழக்குப் பருவமழையில் அகன்று, கோடையில் மணல் மேடிட்டுக் குறுகுகிறது. நீரின் உப்பு ஏறி இறங்குகிறது. மீனும் பறவையும் அதற்கேற்ப மாறுகின்றன. அதை ஓராண்டு முழுவதும் வாராவாரம் குறித்து, குறிப்பின் தமிழ்ப் படியொன்றைக் கோவளம் மீனவர் குப்பத்தில் கொடுத்துவிட்டு வந்த வகுப்புக்கே கடல் கடந்த தீவுக்குப் போகக் கல்லூரிகள் அனுமதி தரலாம். கட்டணம் செலுத்தும் பெற்றோர், பயண நிரலைப் பார்க்குமுன் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.