பாளையப்பட்டு வம்சாவளிகள் (கொங்கு நாடு)

பாளையப்பட்டு வம்சாவளிகள் என்பவை பாளையக்காரர்கள் தங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லி எழுதுவித்த உரைநடைச் சுவடிகள். இவற்றுள் பல, நில அளவைத் துறைத் தலைவராக இருந்த காலின் மெக்கன்சி (1754–1821) தொகுத்தவை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் சிலவற்றை அச்சிட்டது. கொங்கு நாட்டில் முன்னோரைத் தேடும் மாணவர்கள் இவற்றைப் பிறப்புப் பதிவேடுபோல் வாசிக்கிறார்கள். அவ்வாறு வாசிப்பது பிழை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயமுத்தூர்ப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. எந்தப் பாளையம் யாருக்கு உரியது, எந்த அரசர் கொடுத்தது என்ற கேள்வி எழுந்தது. வம்சாவளி அந்தக் கேள்விக்கான பதில். உண்மையில் ஒரு விண்ணப்பம். முன்னோர் ஒருவர் அரசரைக் கண்டு, வீரம் காட்டி, பட்டமும் பாளையமும் பெற்றதாகச் சொல்லும் தொடக்கப் பகுதி ஏட்டுக்கு ஏடு பெரிதும் மாறுவதில்லை. ஐதர், திப்பு காலத்து வரிச்சுமையைச் சொல்லும் இறுதிப் பகுதியை ஓரளவு நம்பலாம். அது கேட்பவருக்கும் நினைவிலிருந்த காலம்.

பெயரும் பட்டமும்

பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. பவானி அருகே அணை கட்டி வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டினர். வெள்ளோட்டுச் சாத்தந்தை கூட்டத்தவர் என்பது மரபு. அவர் வழியினர் ஊத்துக்குளிப் பாளையக்காரர்கள். (இது பொள்ளாச்சி பக்கத்து ஜமீன் ஊத்துக்குளி, வெண்ணெய்க்குப் பேர்போன திருப்பூர்ப் பக்கத்து ஊர் அல்ல.) காலிங்கராயன் என்பது அரசு அளித்த பட்டம். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் மணவிற் கூத்தனுக்கும் அதே பட்டம் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒரே குடியில் சேர்க்க முடியாது.

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன். எனவே ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். பட்டியலில் ஒரு தலைமுறை விடுபட்டாலும், கூடுதலாக ஒன்று நுழைந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். ஆட்சி ஆண்டுகளைக் கூட்டிக் காலம் கணிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கம்பெனிக் காலத்துக்குப் பின் ஆங்கில வழக்கப்படி பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டது. கொங்கில் அந்த இடத்தில் வந்தது ‘கவுண்டர்’. அது கொங்கு வேளாளர், வேட்டுவர், குறும்பர் எனப் பல சமூகத்தார்க்கும் பொதுவான பட்டம். அதைக் கொண்டு எந்தக் குடும்பத்தையும் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய உதவும் கூட்டப் பெயரோ பட்டாவிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஏறவில்லை. காணிக் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும்தான் அது வாழ்கிறது.

கனடாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களிடமும் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ‘டி’ என்று எழுதுவார்கள். நம் கிரயப் பத்திரங்களில் வரும் ‘என்கிற’ போன்றது அது. ஆனால் அங்கே தேவாலயப் பதிவேடுகள் இரு பெயரையும் காட்டியதோடு, மணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்தன. அதனால் தாய்வழியையும் தொடர முடிகிறது.

வம்சாவளிகளில் இதற்கு இடமில்லை. பட்டத்துக்கு வந்த ஆண்களின் வரிசையே அவற்றின் உடல். ஒரே கூட்டத்துக்குள் மணம் கூடாது என்பதால், ஒவ்வொரு மருமகளும் வேறொரு கூட்டத்துப் பெண் என்பது மட்டும் உறுதி. எந்தக் கூட்டம் என்பதை ஏடு சொல்வதில்லை. பாளையக்காரரின் நிலத்தில் உழைத்த மாதாரிக் குடும்பங்களின் பெயர்களையோ இவற்றில் தேடிப் பயனில்லை.