மென்பொருளிடம் ஒப்படைத்த கடவுச்சொல்

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். வேடசந்தூர் நூற்பாலையிலோ திண்டுக்கல் தோல் ஆலையிலோ பில் போட்டதும் கணக்கு மென்பொருளே அரசுத் தளத்தோடு பேசிப் பதிவெண்ணை வாங்கிவிடுகிறது. அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மென்பொருளுக்குள் இருக்கின்றன. அவற்றை அங்கே வைப்பது தகுமா? மூன்று அளவுகோல்கள் போதும்: யார் கண்ணில் படும், திருடு போனால் எவ்வளவு திறக்கும், எத்தனை விரைவாக மாற்ற முடியும்.

நோட்டில் எழுதி மேசை டிராயரில் வைப்பது முதல் வழி. இணையத் திருடன் கைக்கு எட்டாது என்பது உண்மையான பலம். ஆனால் யார் பார்த்தார் என்ற தடயம் இருக்காது. வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரிந்தே இருக்கும்.

இரண்டாவது, தளத்தில் நுழையும் கடவுச்சொல்லையே மென்பொருளுக்கும் இட்டு, ஆடிட்டர் அலுவலகத்துக்கும் மென்பொருள் விற்றவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. மூன்று அளவுகோலிலும் இது தோற்கிறது. நிறுவனத்தின் பெயரில் போலி பில் எழுந்தால் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே உண்டு. ஆனால் சாவி வெளியே போனதே தெரியாமலும் இருக்கலாம்: டொயோட்டாவின் ஒப்பந்த நிறுவனம் பொதுவெளியில் போட்ட நிரலுக்குள் ஒரு சர்வர் சாவி இருந்தது; 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை எவரும் கவனிக்கவில்லை. சுமார் 2.96 லட்சம் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடிய நிலை வந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி ஏபிஐ பயனர் (மென்பொருள் தளத்தோடு பேசுவதற்கான கணக்கு), தனிக் கடவுச்சொல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் இதுவே: ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது. ஒன்று கசிந்தால் அதை மட்டும் மாற்றலாம். மற்ற வேலை நிற்காது. அந்தக் கடவுச்சொல்லுக்குத் தளம் தரும் தற்காலிக அனுமதியான டோக்கனும் 6 மணி நேரத்தில் காலாவதியாகும். ஆனால் டோக்கனைப் பெற்றுத்தரும் கடவுச்சொல் நாம் மாற்றும்வரை உயிரோடிருக்கும். கணினியும் பேக்கப் பென்டிரைவும் பாதுகாப்பற்றவை என்றால் இவ்வழியும் தோற்கும்.

2025 ஏப்ரல் 1 முதல் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி வந்துவிட்டதே என்பார்கள். அது மனிதர் நுழையும் வாசலுக்குக் காவல். மென்பொருள் தானாகப் பேசும் வழியில் ஓடிபி பார்த்துத் தட்ட ஆளில்லை.

கடவுச்சொல்லைச் சேமிப்பது பிழையன்று. ஒரே கடவுச்சொல்லை எல்லோரிடமும் சேமிப்பதே பிழை. மூன்றாம் வழியே ஏற்கத்தக்கது. பேக்கப்பைப் பூட்டுங்கள், ஊழியரோ ஆடிட்டரோ மாறும் அன்றே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.