விளையாட்டச்சமும் மெய்யச்சமும்: ஹலோவீன் இரவுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இவற்றுள் முதல் மூன்றையும் அமெரிக்காவின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களில், ஹலோவீன் காலத்து இரவொன்றிலே ஒருங்கே காணலாம். சவக்குழியிலிருந்து எழும் பேயும், ஓநாய் முகங்கொண்ட மனிதனும், கத்தியேந்திய கொலைஞனும் அங்கு நுழைவுச் சீட்டு வாங்கியோர் முன்னே தோன்றுவர். நான்காவதாகிய இறை அங்கு வேடந்தாங்கி வருவதில்லை. அதிகாரமுடையோரால் விளையும் அச்சம் அதுவெனக் கொள்ளலாம். வாயிலிலே பையைச் சோதிப்பதும், வரிசையை வகுப்பதும், இருட்டறையின் கதவு எங்கே அமையவேண்டுமெனத் தீர்மானிப்பதும் அவ்வதிகாரமே. முதல் மூன்று அச்சங்களும் பொய்யாக இருத்தலாற்றான் இன்பந் தருகின்றன. அவை பொய்யாகவே நிலைத்திருப்பதற்கு நான்காவது தரப்பு நாணயமாக நடந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பென்பது கலைக்குப் புறம்பான வெறும் நிருவாகக் கருமம் எனக் கருதுவோர் இத்தொடர்பைக் காணத் தவறுகின்றனர்.

ஹலோவீன் ஒக்டோபர் 31ஆந் திகதி இரவுக்குரியது. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் வேளையில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கையோடு, அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்கள் கொண்டாடிய சம்ஹெயின் விழாவே அதன் மூலமென்பர். 19ஆம் நூற்றாண்டிலே குடியேறியோருடன் அத்திலாந்திக்கைக் கடந்த இவ்வழக்கம், பிள்ளைகள் வேடமிட்டு அயல்வீடுகளுக்குச் சென்று இனிப்புப் பெறும் ஊர் விழாவாகப் பின்னர் மாறிற்று. ஊரிலே பேயாக வந்தவன் பக்கத்து வீட்டுப் பையன். அவனுடைய குரல் எல்லோருக்குந் தெரியும். பூங்காவிற் பேயாக வருபவரோ சம்பளம் பெறும் அந்நியர். அவரை நம்புவதற்குப் பார்வையாளரிடம் இருப்பது ஒரு சீட்டு மாத்திரமே.

கலிபோர்ணியாவின் புவெனா பார்க் நகரிலுள்ள 'நொட்ஸ் பெரி ஃபாம்', பெயருக்கேற்பப் பழத்தோட்டமாகத் தொடங்கியது. அதன் உரிமையாளர் வோல்ற்றர் நொட் 1940இல் அங்கு பழைய சுரங்க ஊரொன்றின் சாயலிற் 'கோஸ்ற் ரவுண்' என்னும் பகுதியை அமைக்கத் தொடங்கினார். 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூன்று இரவுகளுக்கு மாத்திரம் பூங்கா பேய்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சனம் திரண்டது. மூன்றிரவு விழா காலப்போக்கிற் செப்டெம்பரிலேயே தொடங்கி வாரக்கணக்கில் நீளும் பருவமாயிற்று. நாட்டின் ஏனைய பூங்காக்களுக்கும் முன்மாதிரியாயிற்று. புளோரிடாவின் யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் 1991இல் இத்தகைய இரவுகளைத் தொடங்கி, மறு ஆண்டு அவற்றுக்கு 'ஹலோவீன் ஹொறர் நைற்ஸ்' எனப் பெயரிட்டது.

நொட்ஸின் உண்மையான சாதனை அதன் பேய் வீடுகளிலன்றி அதன் வீதிகளிலேயே உள்ளது. செயற்கைப் புகைமூட்டத்துள்ளிருந்து ஓடிவரும் நடிகர், முழங்காலிற் காப்புக் கவசமணிந்து, தரையிலே சறுக்கியவாறு பார்வையாளரின் காலடிவரை வந்து நிற்பார். உலோகம் கல்லில் உரசித் தீப்பொறி பறக்கும். மேடையில்லை, திரையில்லை, வசனமுமில்லை. கூட்டத்துள் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் எப்பக்கம் திரும்புவார் எனக் கணித்து, ஒரு சாண் இடைவெளியில் நிற்கும் அவ்வாற்றல் நாடக மாணவர் எவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நடிகர் தொடமாட்டார், பார்வையாளரும் அவரைத் தொடலாகாது என்பது இப்பூங்காக்களின் விதி. இவ்விதி கலைக்கு இடப்பட்ட விலங்கெனத் தோன்றலாம். உண்மையில் அந்த ஒரு சாண் இடைவெளியிலேதான் அக்கலை வாழ்கிறது. தொட்டுவிட்டால் அது அடிதடி. தொடாதவரை அது கூத்து.

பேய் வீடுகளைப் பற்றி இவ்வாறு புகழ்ந்துரைத்தல் கடினம். ஒரு மணித்தியாலமோ இரண்டோ வரிசையிற் காத்துநின்றவர் உள்ளே நடப்பது சில நிமிடங்களே. உள்ளேயும் வரிசை அறுபடுவதில்லை. ஓரிரவில் இயன்ற அளவு கூடுதலானோரை நடத்திச்செல்ல வேண்டுமென்ற கணக்கினால் முன்னவர் முதுகைப் பின்னவர் பார்த்துக்கொண்டே செல்வர். திரைமறைவிலிருந்து பாயும் பேய் முன்னே செல்பவருக்காகப் பாய்ந்துவிடுகிறது. பின்னே வருபவர் காண்பது அது மீண்டும் தன் மறைவிடத்துக்குத் திரும்புவதை. நேர அளவு இங்கு கலைஞனால் தீர்மானிக்கப்படுவதன்று. கூடுதற் பணங்கொடுத்தோர்க்கு விரைவு வரிசையும் உண்டு. ஒரே இருட்டுக்குள் இரு வகுப்பாராக நுழைவது, பேய்கள் மாத்திரம் எல்லோரையும் சமமாக நடத்தும் விந்தையைத் தோற்றுவிக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. ஹலோவீனின் உயிரே வேடமிடுதல். ஆயினும் மேற்கூறிய இரு பூங்காக்களின் அச்ச இரவுகளுக்கும் பார்வையாளர் வேடமோ முகமூடியோ அணிந்து வரலாகாது. யார் பணியாளர், யார் பார்வையாளர் என்ற பிரிவு மயங்கினால் ஆபத்து என்பதே காரணம். காரணம் நியாயமானது. எனினும் எல்லோரும் பேயாக இருந்த ஊர் விழா, சிலர் பேயாகவும் ஏனையோர் நுகர்வோராகவும் பிரிந்த சந்தையாக மாறியதை இத்தடை வேறெதனினும் தெளிவாக உணர்த்துகின்றது.

பொய்யச்சம் மெய்யாகிவிட்டமைக்கு மிகக் கொடிய எடுத்துக்காட்டு ஹலோவீன் காலத்தில் நிகழவில்லை. 1984 மே 11ஆந் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்தின் 'சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிறேற் அட்வெஞ்சர்' பூங்காவில் நிகழ்ந்தது. ஆண்டு முழுவதுக்கும் இத்துறையின் சட்டங்களை மாற்றியமைத்த நிகழ்ச்சி ஆகையால் இங்கு அதனை விட்டுவிட இயலாது. அங்கிருந்த 'பேய்க் கோட்டை' வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் கற்கோட்டை. உள்ளே அது, லொறிகளாற் பின்னிழுத்துச் செல்லப்படும் அலுமினியப் பெட்டிகள் பதினேழை ஒன்றோடொன்று இணைத்து, ஒட்டுப்பலகையால் அறைகளாகத் தடுத்த ஒரு நெடிய குகை. நடப்போர் மோதிக் காயமுறாதிருக்கச் சுவரிலே நுரைமெத்தை பதிக்கப்பட்டிருந்தது. இருண்டிருந்த நடைவழியொன்றில் வழி தெரியவேண்டி ஓர் இளைஞன் பற்றவைத்த லைற்றரின் சுடர் அம்மெத்தையிற் பட்டது என்று கூறப்பட்டது. பூங்காத் தரப்பு அது வேண்டுமென்றே இடப்பட்ட தீ என வாதிட்டது. எட்டு இளம்பிராயத்தினர் இறந்தனர். தானாக நீர் சொரியும் குழாய்கள் அங்கு இருக்கவில்லை. புகையறி கருவிகளும் இருக்கவில்லை. பெட்டிகள் சக்கரத்தில் வந்தவையாதலால் அது தற்காலிக அமைப்பெனக் கருதப்பட்டு, நிலையான கட்டடத்துக்குரிய விதிகளிலிருந்து தப்பியிருந்தது. 1979 முதல் ஐந்து பருவங்கள் அது 'தற்காலிகமாக' நின்றது. குற்ற வழக்கில் 1985இல் நிறுவனம் குற்றவாளியன்று எனத் தீர்ப்பாயிற்று.

மோதற் காயத்துக்கு அஞ்சிப் பதித்த மெத்தையே தீயை வளர்த்தது. பாதுகாப்பு ஒவ்வொரு பொருளாக எண்ணப்பட்டு, முழுமையாக எண்ணப்படாமையின் விளைவு இது. இருட்டை ஆக்கியவர்கள் அவ்விருட்டினுள் ஒருவன் என்ன செய்வான் என்பதைக் கற்பனை செய்யத் தவறினர். அச்சுறுத்துவதையே தொழிலாகக் கொண்டோர்க்கு, அஞ்சியவனின் கை எதைத் தேடும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

அதன் பின் அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதிகள் இத்தகைய கட்டடங்களைத் தனிவகையாகக் கொண்டு கடுமையாக்கப்பட்டன. நீர் சொரியும் குழாய்களும் புகையறி கருவிகளும் கட்டாயமாயின. புகை அறியப்பட்டவுடன் விளக்குகள் எரியவேண்டும். வழியை மயக்கும் ஒலிகளும் காட்சிகளும் நிற்கவேண்டும். விதிநூலின் இவ்வாசகம் ஒரு நாடகக் குறிப்பைப் போன்றது. மாயை தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் வழியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கவேண்டும் என்று அது கோருகிறது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது சான் டியாகோ நகரத்துப் பூங்காவொன்றில் நடைபெற்ற பேய்வழி நிகழ்ச்சி பற்றிய வழக்கு. 2011இல் அங்கு சென்ற ஒருவர், முடிவென அமைக்கப்பட்ட வாயிலைத் தாண்டி, நிகழ்ச்சி முடிந்தது என நம்பி நின்றார். அது பொய் முடிவு. மரம் அரியும் இயந்திர வாளோடு ஒரு நடிகர் துரத்தினார். வாளிலே சங்கிலி இல்லை, இரைச்சல் மட்டுமே. ஓடியவர் விழுந்து காயமுற்றார். அஞ்சுவதும் ஓடுவதும் இந்நிகழ்ச்சியின் இயல்பு, அவற்றை ஏற்றே ஒருவர் உள்ளே வருகிறார் என 2015இல் கலிபோர்ணிய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. முடிந்துவிட்டதென எண்ணச் செய்து இறுதியில் ஒருமுறை உலுக்கும் இவ்வுத்தி திரைப்படத்திலிருந்து பெறப்பட்டது. திரையரங்கில் இருக்கைக்கும் திரைக்கும் இடையே மாறாத தூரம் உண்டு. இங்கு பார்வையாளரின் கால்களே அரங்கின் பகுதி. சட்டப்படி தீர்ப்புச் சரியாக இருக்கலாம். விமர்சன நோக்கில், 'வெளியே' என்ற சொல்லைப் பொய்யாக்குதல் ஏனைய எல்லாப் பொய்களிலும் வேறுபட்டது. பேய் பொய்யெனப் பார்வையாளர் அறிவார். வாசல் பொய்யென அவர் அறியார்.

ஹொங்கொங்கின் ஓஷன் பார்க்கில் 2017 செப்டெம்பரில், ஹலோவீன் விழாவின் பேய் வீடொன்றிலே 21 வயது இளைஞர் ஒருவர் இயங்கும் சவப்பெட்டிப் பொறியொன்றினால் மோதுண்டு இறந்தார். 'உயிரோடு புதைக்கப்படும்' அனுபவத்தை அவ்வீடு வாக்களித்திருந்தது. எது காட்சி, எது இயந்திரம் என்று இருட்டில் வேறுபாடு தெரியாமையே இத்தகைய இடங்களின் பலமும் பலவீனமும் ஆகும்.

உடலுக்கு நேரும் தீங்கோடு இவ்விடயம் முடிவதில்லை. 2016இல் நொட்ஸ், பார்வையாளரைச் சக்கர நாற்காலியிற் கட்டிக் கண்களுக்கு மெய்நிகர்த் திரை பொருத்தி, மனநோய் மருத்துவமனை ஒன்றினுள் உலவவிடும் புதிய காட்சியை அறிமுகப்படுத்தியது. அதன் பெயரில் 5150 என்ற எண் இருந்தது. மனநோயால் தமக்கோ பிறர்க்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரை அவர் விருப்பின்றித் தடுத்துவைக்க இடந்தரும் கலிபோர்ணியச் சட்டப் பிரிவின் எண் அது. மனநோயாளரின் குடும்பத்தினரும் அவர்க்காக உழைக்கும் அமைப்புகளும் எதிர்த்தனர். முதலிற் பெயரிலிருந்து எண் நீங்கியது, சில நாள்களில் காட்சியே மூடப்பட்டது. இரசிகர் சிலர் இதனை மிகையுணர்ச்சி என்றனர். தொல்காப்பியரின் பட்டியலை மீண்டும் நோக்கினால் விடை கிடைக்கும். அணங்கும் விலங்கும் கள்வரும் அஞ்சப்படுவோர். நோயாளி அப்பட்டியலில் இல்லை. அவர் தாமே அஞ்சுபவர். அஞ்சுபவரை அஞ்சப்படுபவராக மாற்றிக் காட்டுவது பொய்யச்சம் ஆகாது. ஏற்கெனவே சமுதாயத்தில் உள்ள மெய்யச்சத்துக்கு விலை குறிப்பதாகும்.

அண்மைக்காலத்தில் அச்சம் வாயிலுக்கு வெளியிலிருந்தே உள்ளே வருகிறது. 2022 யூலையில் நொட்ஸ் பூங்காவில் இளைஞரிடையே கைகலப்புகள் மூண்டு பூங்கா நேரத்தோடு மூடப்பட்டது. 17 வயதும் அதற்குக் குறைந்தோரும் மூத்தவர் துணையுடன் வரவேண்டுமென்ற விதி பிறந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பென்சில்வேனியாவின் கெனிவுட் பூங்காவில், ஹலோவீன் பருவத்தின் தொடக்க நாள்களிலே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து மூவர் காயமுற்றனர். வெடியோசையும் அலறலும் நிகழ்ச்சியின் பகுதியாக உள்ள இடத்தில், மெய்யான வெடியோசையை எவ்வாறு பிரித்தறிவது என்பதற்கு உலோகமறியும் கருவி விடை தருவதில்லை.

பேய் வேடமிடுவோரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பருவகாலத்துக்கு மாத்திரம் சேர்க்கப்படும் அவர்களுட் பலர் பார்வையாளரின் வயதினரே. திடுக்கிட்டவன் கை ஓங்குவது இயல்பாகையால் முதலடி அவர்கள் முகத்திலேயே விழுகிறது. 1986இல் யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் ஹொலிவூட் நடத்திய ஹலோவீன் நிகழ்ச்சியிலே, பார்வையாளர் ஏறிவந்த ட்ராம் வண்டியை அச்சுறுத்தும் பணியிலிருந்த இளம் ஊழியர் ஒருவர் அவ்வண்டியினாலேயே நசுங்கி இறந்தார். பாதுகாப்பு பற்றிய அறிவித்தல்கள் எல்லாம் சீட்டு வாங்கியவரை நோக்கியே எழுதப்படுகின்றன. சீட்டைக் கிழிக்கும் கைக்கும் முகமூடிக்குட் புழுங்கும் முகத்துக்கும் அவற்றில் இடம் குறைவு. ஆயினும் புகைமணி ஒலித்து விளக்குகள் எரியும் வேளையில், ஒட்டுப்பலகைச் சுவர்களுக்கிடையே வழி தெரிந்தவர் அவர் ஒருவரே. குருதிச் சாயம் பூசிய கையை நீட்டி, இப்பக்கமாக வெளியேறுங்கள் என அவர் கூறவேண்டும். அதைப் பார்வையாளர் நம்புவாரா என்பது, அதற்குமுன் அவரை எத்தனை பொய் வாசல்களால் ஏமாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது.