பின்னால் கொடுத்து முன்னால் போகும் ஆட்டம்

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டில் கொடுக்கலாம், பின்னால் கொடுக்கலாம். காலால் உதைத்தும் அனுப்பலாம். ஆனால் உதைத்த பந்து யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அது முட்டை வடிவப் பந்து, தரையில் விழுந்தால் தன் இஷ்டத்துக்குத்தான் எழும்பும். ஆகவே முன்னேற வேண்டுமென்றால் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியே ஆக வேண்டும். எதிராளி இடுப்பைப் பிடித்து மண்ணில் சாய்ப்பதற்குள் பின்னால் வருபவனிடம் அதைச் சேர்த்துவிட வேண்டும். அவன் அங்கே இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஆட்டமும் ஓடுகிறது.

ராணுவத்துக்கும் ராணுவக் கல்லூரிகளுக்கும் இது ஏன் பிடித்துப்போனது என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முசௌரி மலையில் 1849-ல் பிறந்த ஹென்றி ரென்னி-டெய்ல்யர், ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. 1872-ல் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். மறு ஆண்டே அதே நாட்டுக்காகக் கால்பந்தும் ஆடினார். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்கு ரக்பி வந்தது தாமதமாகத்தான். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்து கோலோச்சிய இடம் அது. 1961-ல் அங்கே ரக்பி அணி உருவானது. நாட்டின் கல்லூரிகளுக்கான முதல்நிலைப் பட்டத்தை 2022-ல் வென்றது. இறுதியாட்டத்தில் கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரீஸ் கல்லூரியை 20-13 என்று தோற்கடித்தது. பரம்பரைப் போட்டியாளரான அனாபொலிஸ் கடற்படை அகாடமி சும்மா இருக்குமா? 2023-ல் அதே பட்டத்தை அது தட்டிக்கொண்டு போனது.

ஓட்டமும் பாஸும் யாருக்கும் பிடிக்கும். என் ஓட்டு, பந்துக்காக இரு அணிகளும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்கு. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர். முன்வரிசையில் மூவர், நடுவில் நிற்கும் ஹூக்கர் இரண்டு தோழர்களின் தோள்மேல் கைபோட்டுத் தொங்குகிறார். நடுவர் மூன்று கட்டளைகள் தருகிறார்: குனி, பிடி, சேர். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட மனித எடை ஒரே நொடியில் இணைகிறது. ஒன்பதாம் எண்காரர் நடுவிலுள்ள இடைவெளியில் பந்தை உருட்டிவிட, ஹூக்கர் அதைக் காலால் பின்னுக்கு இழுக்கிறார். கடைசியில் நிற்கும் எட்டாம் எண்காரரின் காலடியில் வந்து அது நிற்கிறது. இப்போது பந்தைப் பார்க்காதீர்கள், முதுகுகளைப் பாருங்கள். தேர்ந்த அணியில் எட்டு முதுகும் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில் இருக்கும். ஒருவர் அரை நொடி முந்தித் தள்ளினாலும் போச்சு, பலசாலி அணிகூடப் பின்வாங்கும். கபடி பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, எதிராளியைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிள் உடனே பிடிபடும். ஸ்க்ரமின் அழகு பிடிபடச் சில ஆட்டங்கள் ஆகும். அணிவகுப்பு மைதானத்தில் காலையெல்லாம் ஒரே அடியில் நடந்து பழகியவர்களுக்கு அது சீக்கிரம் வசப்படுவதில் ஆச்சரியமில்லை.

இந்த ஆட்டம் நம் நாட்டிலும் சிப்பாய்களோடுதான் வேர்விட்டது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் அணிக்கு இருபது பேர் வைத்து ஒரு பந்தயம் நடந்தது. 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. ‘பஃப்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு ஊரில் இருந்தவரை ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பிரிவு இடம் மாறியது, கிளப்பில் இலவச மதுவும் நின்றது, வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் சௌகரியமாகப் பட்டன. நாலைந்து வருடத்தில் கிளப் கலைந்தது. இலவச மது நின்றதுதான் முதல் காரணம் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன்.

கலைந்த விதம் மட்டும் கம்பீரமானது. ரோத்னி என்ற கௌரவச் செயலாளரின் யோசனைப்படி, வங்கியில் மிஞ்சிய 270 வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அன்றைய ரூபாய் ஒவ்வொன்றும் சுமார் 11.66 கிராம், மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் உயரம், இந்திய வேலைப்பாடு. பிடிகள் மூன்றும் ராஜநாகங்கள். மூடியின் உச்சியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை இதுதான். முதல் பந்தயம் டிரா. 1988-ல் எடின்பரோவில் பந்தயம் முடிந்த இரவு, இரு நாட்டு வீரர்கள் இருவர் குடித்துவிட்டு அதைத் தெருவுக்கு எடுத்துப்போய் நசுக்கினார்கள். நம் ஊர்த் தட்டான் செய்த எந்தப் பொருளுக்கும் அந்த மரியாதை நடந்திருக்கக் கூடாது.

படைமுகாமையும் கனவான்களின் கிளப்பையும் நம்பியிருந்தவரை, அவர்கள் போனால் ஆட்டமும் போகும் என்ற நிலைதான். அதை உடைத்தது ஒடிசா. புவனேஸ்வரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுவர்களுக்கு, கொல்கத்தாவிலிருந்து பால் வால்ஷ் என்ற பயிற்சியாளர் வந்து ரக்பி கற்றுக்கொடுத்தார். அவர்கள் 2007-ல் லண்டனில் 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசப் பள்ளிப் போட்டியை வென்று திரும்பினார்கள். 2019-ல் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று வீழ்த்தினார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்கு அதுவே முதல் வெற்றி. அந்த அணியிலிருந்த சுமித்ரா நாயக்கும் அதே பள்ளிப் பிள்ளைதான்.

இந்த ஒடிசாக் கதையைப் படிக்கும்போதெல்லாம் தர்மபுரிக்குப் பக்கத்திலிருக்கும் வத்தல்மலைதான் என் நினைவுக்கு வருகிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் காபித் தோட்டமும் மிளகுக் கொடியும். பெரியூர், பால்சிலம்பு என்று மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். மலைப்பிள்ளை என்றால் தானாக ஓடுவான் என்பது சோம்பேறிப் பேச்சு. ஒடிசாவில் பிள்ளைகளுக்கு வாய்த்தது கால் பலம் மட்டுமல்ல. பயிற்சியாளர், சாப்பாடு, விடுதி எல்லாம் வாய்த்தன. 2025-ல் முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையைச் சென்னை புல்ஸ் வாங்கியது; சென்னை பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமியும் இருக்கிறது. ஆக, ஆட்டம் தெரிந்தவர்களைத் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மலையில் ஆடுகளத்துக்கு 100 மீட்டர் சமதளம் கிடைப்பது கஷ்டம்தான். பாஸ் பழகப் பள்ளி மைதானம் போதும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளரையும் நாலைந்து பந்துகளையும் மேலே அனுப்பிவைக்க வேண்டும். ஏழு பேர் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்.